நாத்தனாரின் ஈக்கள்: திருத்தாத பிரதி

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை காலை என் நாத்தனார் எங்கள் சமையலறையில் நின்றபடியே காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு, "அண்ணி, நான் கண்டுபிடிச்சது தப்பு" என்றாள். கண் சிவந்திருந்தது. எனக்கு முதலில் இரக்கம் வரவில்லை. 'ஆகா, கதை!' என்றுதான் தோன்றியது. இரக்கமும் வந்தது, வரவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் அரை நிமிடம் தாமதமாக வந்தது. அந்த அரை நிமிடத்தை நினைத்து இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. கூச்சப்படுகிறவர்கள் எல்லாம் எழுதாமல் இருந்துவிட்டால் பத்திரிகைகள் வெள்ளைத்தாளாகத்தான் வர வேண்டியிருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் கணவரின் தங்கை அவள். வயது முப்பத்தைந்து. எங்கள் வீட்டின் பின்னறையில் இருக்கிறாள். ஒரு ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடமாகப் பழ ஈக்களை வளர்த்து ஆராய்கிறாள். வாழைப்பழம் கனிந்தால் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, அந்தப் பொடி ஈ. வீட்டில் அவளுக்கு 'ஈக்காரி' என்று பட்டப்பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அவள் போன வருடம் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைக்கு நல்ல பேர். அந்தப் பேரை வைத்து வேறொரு நிறுவனம் அவளை நிரந்தர வேலைக்கான நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது. கிடைத்தால் சொந்தமாக ஒரு ஆய்வுக்கூடம். சமையலறையில் அவள் அதைச் சொன்ன நாளிலிருந்து நேர்காணலுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. கட்டுரை தப்பென்றால் கூப்பிட்டதற்குக் காரணமே இல்லை. முன்னால் சொல்வதா, வேலை கிடைத்த பின்னால் சொல்வதா, வாயைத் திறக்காமலே இருந்துவிடுவதா? கதை இவ்வளவுதான். நான் நடுவில் எங்கே சுற்றி வளைத்தாலும் நீங்கள் இதை விட்டுவிடாதீர்கள்.

கதையாக எழுதலாமா என்று அன்றைக்கே கேட்டுவிட்டேன்.

"எழுதிக்கோங்க. எனக்குக் காட்டாம அனுப்பக் கூடாது" என்றாள்.

2

முதல் தொடக்கம்:

மேகம் கவிந்த அந்தக் காலையில், கண்ணாடிக் குப்பிக்குள் சிறைப்பட்ட சின்னஞ்சிறு ஈ ஒன்று தன் கிழிந்த இறக்கையை ஏக்கத்தோடு —

[விட்டுவிட்டேன். அன்றைக்கு நல்ல வெயில். தவிர, ஈக்கு ஏக்கம் எல்லாம் கிடையாதாம். "சாப்பாடு இருக்கு, ஜோடி இருக்கு, வாடகை இல்ல. நம்மளவிட நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஈக்காரி.]

இரண்டாவது தொடக்கம்:

ஒவ்வொரு உயிரணுவும் தன் பக்கத்து வீட்டுக்காரரின் கையைப் பற்றிக்கொண்டு, ஒரு கூட்டுக் குடும்பத்தைப் போல —

[இதை அவளே பேனா வாங்கி அடித்தாள்.]

"அண்ணி, ஒண்ணு சொல்லிடறேன். ரிசெப்டரை வச்சு குடும்பத்துக்கு உவமை எழுதாதீங்க. கையைப் பிடிச்சுது, பாசம் பொங்கிச்சுன்னு எல்லாம் வேணாம். அது புரதம்."

"ஒரே ஒரு உவமை?"

"அரை உவமைகூட வேணாம்."

ஆகவே உவமை இல்லாமல் சொல்ல முயல்கிறேன். எனக்கு இது உப்பில்லாமல் சாப்பிடுகிற மாதிரி. (பார்த்தீர்களா, கை அதுவாகவே போகிறது.)

நூறு வருடத்துக்கும் முன்னால், சில ஈக்களின் இறக்கை ஓரம் அங்கங்கே வெட்டுப்பட்டிருப்பதை ஒருவர் கவனித்தார். அதற்குக் காரணமான மரபணுவுக்கு 'நாட்ச்' என்றே பெயர் வந்தது. ஓரத்தில் விழுந்த வெட்டு என்று பொருள். அந்த மரபணு ஒரு புரதத்தைச் செய்கிறது. அவள் சொன்ன ரிசெப்டர் அதுதான், தமிழில் ஏற்பி. அது உயிரணுவின் மேலுறையில் ஊடுருவி நிற்கும், பாதி வெளியே, பாதி உள்ளே. பக்கத்து உயிரணுவின் மேலிருக்கும் இன்னொரு புரதம் இதன் வெளிப்பாதியைப் பிடித்து இழுக்கும். இழுத்தால் உள்பாதி வெட்டுப்பட்டுக் கழன்று, உட்கருவுக்குள் போய், எந்தெந்த மரபணு விழிக்க வேண்டும் என்று சேதி சொல்லும். ஒரு தடவை சேதி சொன்னதும் அந்த ஏற்பி தீர்ந்துபோகும். மறுபடி பயன்படாது.

[இந்த இடத்தில் உவமை எழுதாமல் இருந்ததற்கு எனக்கு யாராவது மாலை போட வேண்டும்.]

பெண் ஈக்கு இந்த மரபணு இரண்டு பிரதி.* ஒன்று பழுதானால் சேதி பாதியாகிறது, இறக்கை ஓரம் முழுதாக உருவாவதில்லை. நாத்தனார் கண்டுபிடித்ததாகச் சொன்னது என்னவென்றால், வேறொரு மரபணுவையும் பாதியாகக் குறைத்தால் அந்த இறக்கை சரியாகிவிடுகிறது. அதாவது, சேதிக்கு முட்டுக்கட்டை போட்டுக்கொண்டிருந்தது அந்த இரண்டாவது மரபணு. கட்டுரையில் இரண்டு இறக்கைகளின் படம், இடப்பக்கம் கிழிந்தது, வலப்பக்கம் முழுசு. என் மாமியார் அதைப் பெரிதாக்கிப் பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். யார் வந்தாலும், "என் பொண்ணு ஈக்கு வைத்தியம் பாக்கறா" என்பார்.

* ஆண் ஈக்கு ஒரே பிரதி. அது பழுதானால் முட்டைக்குள்ளேயே செத்துப்போகும். தோலாக வேண்டிய உயிரணுக்களும் நரம்பாகிவிடுமாம். நான் சும்மாதான் கேட்டேன், "எல்லாமே நரம்பா இருந்தா நல்லதுதானே?" என்று. "தோல் வேணாமா அண்ணி?" என்றாள்.

3

தப்பு எப்படி நடந்தது என்று அவள் வாயால் கேட்டதை எழுதுகிறேன். இந்தப் பகுதியை நான் ஏழு தடவை எழுதிவிட்டேன், அவள் ஏழு தடவையும் முகத்தைச் சுளித்தாள். இது எட்டாவது.

நான் ஒருமுறை அந்த ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கிறேன். ஜன்னல் இல்லாத, வெதுவெதுப்பான அறை. புளித்த மாவு வாசனை. அலமாரி முழுக்க விரல் நீளக் குப்பிகள், வாயில் பஞ்சு அடைத்து. அடியில் மாவும் ஈஸ்ட்டும் போட்டுக் காய்ச்சிய கூழ் இரண்டு விரல்கடை உயரம் உறைந்திருக்கும். ஈக்கள் அதைத் தின்று, அதிலேயே முட்டையிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுக் குப்பிக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்து அந்த வம்சமே போய்விடும். நாத்தனார் ஈக்களை வாயு வரும் வெள்ளைத் தட்டில் கொட்டி மயங்க வைத்து, நுண்ணோக்கியில் பார்த்தபடி, ஓவியர்கள் வைத்திருக்கிற மெல்லிய பிரஷ்ஷால் பத்துப் பன்னிரண்டு தாய் ஈக்களை ஒதுக்கிப் புதுக் குப்பியில் தள்ளுவாள். கண் இமைக்கிற நேரத்தில் முடிந்துவிடும். கை அப்படி ஓடும்.

அந்தக் கைதான் வினை.

இறக்கை ரொம்பக் கிழிந்த ஈக்கள் கூழில் ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். குப்பி காலியாகிவிடக் கூடாதே என்று, கொஞ்சம் திடமாக, இறக்கை ஓரளவு சரியாக இருக்கிற தாய்களாகப் பார்த்து ஒதுக்குவாள். அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். நான்கு வருடத்தில் நூறு தடவை மாற்றினாள். நூறு தடவையும் இறக்கை நன்றாக இருந்தவளுக்கே வம்சம் வைத்தாள். குப்பிமேல் ஒட்டிய சீட்டில் அதே பெயர்தான் இருந்தது, உள்ளே இருந்த ஈக்கள் மெல்ல மெல்ல வேறு ஈக்களாகிவிட்டன. கிழிசலைச் சமாளிக்கிற வேறு ஏதேதோ மரபணுக்கள் சேர்ந்துவிட்டன.

ஒப்பிடுவதற்காகச் சாதாரண ஈக்களோடு ஜோடி சேர்த்து, பிறந்தவற்றில் எத்தனைக்கு இறக்கை கிழிந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தது முதல் வருடத்தில். இரண்டாவது மரபணுவைக் குறைத்துப் பார்த்தது நான்காம் வருடத்தில். ஒப்பீட்டை மறுபடி எண்ணவில்லை. பழைய எண்ணிக்கை நோட்டில் பத்திரமாக இருக்கும்போது எதற்கு இன்னொரு தடவை?

நேர்காணலில் காட்ட, பளிச்சென்று புதுப் படம் எடுக்கலாம் என்று ஆசைப்பட்டுத்தான் ஈக்களைச் சேமித்து வைக்கிற கிடங்கிலிருந்து அதே வகையைப் புதிதாக வரவழைத்தாள். இரண்டாவது மரபணுவைக் குறைத்தாள். இறக்கை கிழிந்தே இருந்தது. தன் பழைய குப்பியிலிருந்து எடுத்துச் சாதாரண ஈக்களோடு ஜோடி சேர்த்தாள், எந்த மரபணுவையும் குறைக்காமல். இறக்கை முழுசாக வந்தது.

"புரியுதா அண்ணி? சரி பண்ணது அந்த ஜீன் இல்ல. என் பிரஷ்."

4

அடுத்தது பேராசிரியர். அவளுடைய ஆய்வுக்கூடத்தின் தலைவர், கட்டுரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பெயர் உள்ளவர். இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். கதைக்கு எதிராளி வேண்டுமே என்று அவரைக் கொஞ்சம் ஊதினேன். நான் முதலில் எழுதியது இது:

திங்கட்கிழமை காலை அவள் நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனாள். கையில் இரண்டு குப்பிகள். கண்ணில் ஒரு உறுதி.

"சார், கட்டுரையை வாபஸ் வாங்கணும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கதவைச் சாத்தச் சொன்னார். குரலைத் தாழ்த்தினார்.

"அவசரப்படாதம்மா. இன்டர்வியூ முடியட்டும். வேலை கைக்கு வரட்டும். அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம். யார் கேக்கப் போறாங்க?"

அவள் நிமிர்ந்து நின்று —

[மன்னிக்கவும். இந்த அறையில் நான் இல்லை. ஆனாலும் எழுதியபோது எனக்கே திருப்தியாக இருந்தது. "யார் கேக்கப் போறாங்க?" என்ற வரி நன்றாக விழுந்திருக்கிறது என்று எழுந்துபோய் ஒரு டீ போட்டுக் குடித்தேன்.]

5

இதுவரை எழுதியதை அச்செடுத்து நாத்தனாரிடம் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, ஈ பார்க்கிற மாதிரியே படித்தாள். மாமியார் வருகிற இடத்தில் சிரித்தாள். நான்காம் பகுதியில் நின்றுவிட்டாள். பக்கத்தைத் திருப்பினாள், முன்னால் வந்தாள், மறுபடி திருப்பினாள்.

"அண்ணி, சனிக்கிழமை உங்ககிட்ட சொன்னேன். சார்கிட்ட எப்பச் சொன்னேன்?"

"அடுத்த வாரம்."

"வெள்ளிக்கிழமை. இதுல திங்கக்கிழமை காலையிலயே போய் நிக்கறேன். திங்க, செவ்வாய், புதன், வியாழன். நாலு நாள் எங்க போச்சு?"

"கதைக்கு அது தேவையில்லம்மா. வேகம் குறையும்."

"நான் அந்த நாலு நாளும் சொல்ல வேணாம்னு இருந்தேன். அது தேவையில்லையா?"

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். என் கணவர் அந்தப் பக்கமாகப் போனவர், "ரெண்டு பேரும் ஈக்காகவா சண்டை போடறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். விவரமான மனிதர்.

"உன்னைப் பத்தி நல்லா வரட்டும்னுதான் எடுத்தேன்" என்றேன்.

அவள் தாளை மேசைமேல் வைத்தாள். குரல் உயரவில்லை.

"அதைத்தானே அண்ணி நானும் பண்ணேன்? நல்லா இருக்கறதா பார்த்து எடுத்து வச்சேன். நூறு தடவை."

எனக்குக் காது மடல் சுட்டது. எழுத வந்து இருபத்திரண்டு வருடமாகிறது, இப்படி யாரும் என்னைக் கையும் களவுமாகப் பிடித்ததில்லை.

"இன்னொண்ணு," என்றாள். "சார் அப்படிச் சொல்லவே இல்ல. அந்த வசனம் யாருதுன்னு உங்களுக்குத் தெரியும்."

6

தெரியும்.

வெட்டியெறிந்த நான்கு நாட்களையும் இங்கே அப்படியே வைக்கிறேன், திருத்தாமல். நடை சரியில்லை என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போகவில்லை. பின்னறையைப் பெருக்கினாள், ஏற்கெனவே பெருக்கியிருந்த அறையை. செவ்வாய்க்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு, பீரோ கண்ணாடிக்கு முன்னால் நேர்காணல் பேச்சைப் பயிற்சி செய்தாள், பழைய படத்தை வைத்து. கூடத்தில் நின்று கேட்டேன். தடங்கல் இல்லாமல், கணீரென்று பேசினாள். 'இறக்கை முழுமையாக மீண்டது' என்று சொல்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தினாள். நிறுத்தியது பேச்சுக்கு இன்னும் அழகாக இருந்தது. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

அன்று மாலை துணி மடித்துக்கொண்டிருந்தோம். அவள் ஒரு போர்வையின் இரண்டு முனையைப் பிடித்திருந்தாள், நான் மற்ற இரண்டை.

"என்ன பண்ணட்டும் அண்ணி?" என்று கேட்டாள்.

நான்தான் சொன்னேன்: "இன்டர்வியூ முடியட்டும். வேலை கைக்கு வரட்டும். யார் கேக்கப் போறாங்க?"

ஆமாம். அந்த வரி என்னுடையது. பேராசிரியர் வாயில் வைத்துவிட்டுப் போய் டீ குடித்தவள் நான். அவள் கஷ்டப்படுவதைப் பார்க்க முடியாமல் சொன்னேன் என்று எழுதினால் பாதி உண்மை. பின்னறை காலியானால் எனக்கு எழுத ஒரு தனி அறை கிடைக்கும் என்று அந்த வாரம் முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன் என்பது மீதி. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அவள் போர்வையை மடித்து முடித்தாள். "சரி" என்றாள். புதனும் வியாழனும் அந்தச் 'சரி'யோடுதான் இருந்தாள். நன்றாகச் சாப்பிட்டாள். சிரித்துக்கூடப் பேசினாள். நிம்மதியாக இருக்கிறாள் என்று நானும் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை குப்பிகளை மாற்ற வேண்டிய நாள். போனாள். ஈக்களைத் தட்டில் கொட்டினாள், பிரஷ்ஷை எடுத்தாள். கை பழக்கப்படி ஒரு நல்ல இறக்கைக்காரியின் பக்கம் போனது. "கை தானாப் போச்சு அண்ணி. அதைப் பார்த்ததும் எனக்கு வந்ததே கோபம்" என்றாள் பிறகு. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, அப்படியே எழுந்து பேராசிரியர் அறைக்குப் போனாள்.

அவர் கதவைச் சாத்தச் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியே அவருக்குக் கிடையாது, அதுவும் நான் மாட்டியதுதான். ஆய்வுக்கூடத்துக்கு அவளோடு வந்து, இரண்டு குப்பிகளையும் நுண்ணோக்கியில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு சொன்னது இவ்வளவுதான்:

"இப்படிப் பார்த்து மாத்தணும்னு உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். பத்திரிகைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுவோம். இன்டர்வியூல சொல்றதா வேணாமாங்கறது உன் முடிவு. நான் குறுக்க வர மாட்டேன்."

இவரை எதிராளியாக வைத்து என்ன கதை எழுதுவது? கதை கெட்டது. போகட்டும்.

7

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவளைப் பார்த்தால் வேறு ஆள். அன்று மதியமே புதிய ஈக்களை வைத்து எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். தாய்களை ஒதுக்கும்போது இறக்கையைப் பார்ப்பதில்லை. தட்டில் இடக்கோடியில் கிடக்கிற முதல் பன்னிரண்டு, எப்படி இருந்தாலும் சரி. ஒப்பீட்டுக் குப்பிகளையும் அதே நாளில், அதே கூழில், அதே அலமாரியில் வைத்தாள். பதினோராம் நாள் ஈக்கள் வெளிவந்தன. ஒவ்வொன்றாக எண்ணினாள். குறைத்த பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு பெண் ஈக்கள், அவற்றில் இருநூற்றெட்டுக்கு இறக்கை கிழிந்திருந்தது. குறைக்காத பக்கமும் ஏறக்குறைய அப்படியே.

கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கு, அதைத் திரும்பப் பெறுவதாகப் போன கடிதம் ஐந்து வரி. 'மிகுந்த மன வேதனையுடன்' என்று ஆரம்பிக்கலாமே என்றேன். "வேதனையை அவங்க எண்ண முடியாது" என்று எடுத்துவிட்டாள். நேர்காணல் நடத்துகிற நிறுவனத்துக்கும் ஒரு நகல் அனுப்பினாள். கூப்பிட்டதை ரத்து செய்துவிடுவார்கள் என்று நான் பயந்தேன். ரத்து செய்யவில்லை. 'வரவும்' என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. அது நல்லதற்கா, விளக்கம் கேட்கவா என்று எங்களுக்குப் புரியவில்லை.

பழைய படத்தைப் பீரோவிலிருந்து கழற்றச் சொன்னாள். மாமியார் மறுத்துவிட்டார். "ஈ சரியாகலன்னா என்ன, என் பொண்ணு எடுத்த படம்தானே?" எங்கள் வீட்டில் அறிவியலுக்கு அவ்வளவுதான் மரியாதை.

8

முடிவுகள்.

முதல் முடிவு: வேலை கிடைத்தது. தேர்வுக் குழுத் தலைவர் எழுந்து நின்று கைகொடுத்து, 'உண்மையை ஒப்புக்கொள்ளும் துணிவுதான் எங்களுக்கு —'

[இல்லை.]

இரண்டாம் முடிவு: கிடைக்கவில்லை. அவள் படியிறங்கி வெயிலில் நடந்தாள். ஆனாலும் அவள் மனதில் ஒரு —

[இந்த 'ஆனாலும்' வந்தாலே எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.]

மூன்றாம் முடிவு: குழுவில் யாரோ ஒருவருக்கும் இதே தப்பு எப்போதோ நடந்திருக்கிறது, அவர் தலைகுனிந்து —

[கிடையாது. நானே கற்பனை செய்தது. அழகாக இருக்கிறது என்பதற்காகவே அடிக்கிறேன்.]

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். தபால் வந்துவிட்டது. நாத்தனார் படித்தாள், நானும் படித்தேன். ஆனால் சொல்ல மாட்டேன். இது பிடிவாதம்தான், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்தது என்று சொன்னால், 'பார்த்தாயா, உண்மை வீண்போகாது' என்று புத்தகத்தை மூடிவிடுவீர்கள். கிடைக்கவில்லை என்றால், 'ஐயோ பாவம், காலம் அப்படி' என்று மூடிவிடுவீர்கள். இரண்டிலும் உங்களுக்கு வேலையே இல்லை. நான் அந்தச் செவ்வாய்க்கிழமை போர்வை மடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்ன மாதிரி, நீங்களும் சொல்லிவிட்டுப் போகலாம்.

அதனால் உங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போகிறேன்.

நீளமான மேசை. ஐந்து நாற்காலி. நான்கில் ஆள் இருக்கிறார்கள், ஐந்தாவது உங்களுடையது. உட்காருங்கள். உங்கள் முன்னால் அவளுடைய விண்ணப்பம். அடியில் இரண்டு கட்டம்: பரிந்துரைக்கிறேன், பரிந்துரைக்கவில்லை. இந்த வேலைக்கு இன்னும் ஆறு பேர் வெளியே காத்திருக்கிறார்கள். அவர்களுடைய கட்டுரைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன, அல்லது இன்னும் யாரும் மறுபடி எண்ணிப் பார்க்கவில்லை. எது என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை.

அவள் திரையில் படம் காட்டி இருபது நிமிடம் பேசினாள். பாதி நேரம் அந்த ஏற்பியைப் பற்றி, எப்படி இழுபடுகிறது, எப்படி உள்பாதி கழன்று சேதி கொண்டுபோகிறது என்று. மீதி நேரம் தன் தப்பைப் பற்றி. நான்கு நாள் சொல்லாமல் இருந்ததையும் சொன்னாள். அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கடைசிப் படம் இன்னும் திரையில் இருக்கிறது. இரண்டு இறக்கை, இரண்டும் கிழிந்தவை. அவள் பேசி முடித்துவிட்டாள். மற்ற நால்வரும் உங்கள் பக்கம் திரும்புகிறார்கள், முதல் கேள்வி உங்களுடையது. அவள் நேராக உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கேளுங்கள்.